டேவிட் போவியின் ‘லோ’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேவிட் போவி என்ற ஆங்கிலப் பாப் பாடகரின் ‘லோ’ ஆல்பம் 1977 ஜனவரி 14 அன்று வெளிவந்தது. அவருக்கு 30 வயது நிறைந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. உச்சத்தில் இருந்த ஒரு நட்சத்திரம் தன் இசையை இப்படித் தலைகீழாக மாற்றிக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நண்பர்களுக்கு இந்த ஆல்பத்தைக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிலிருந்து எதற்கு மாறினார்?

1972இல் ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற வேற்றுக்கிரகப் பாடகனாக வேஷம் கட்டி இங்கிலாந்தைக் கலக்கியவர் போவி. அந்த வேஷம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1973இல் மேடையிலேயே அதற்கு முடிவு கட்டினார். அப்புறம் அமெரிக்கா போனார். பிலடெல்பியாவின் கறுப்பின சோல் இசையில் முங்கி எழுந்து ‘யங் அமெரிக்கன்ஸ்’ செய்தார். அதிலிருந்த ‘ஃபேம்’ பாட்டு 1975இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நல்ல தாளம், ஆடத் தூண்டும் கிட்டார், மனதில் நிற்கும் பல்லவி என்று ரெக்கார்டு கம்பெனி விரும்பும் எல்லாமே அதில் இருந்தன.

‘லோ’வில் மொத்தம் 11 துண்டுகள், சுமார் 38 நிமிடம். எல்பி இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஏழு சின்னத் துண்டுகள். அவற்றில் முதலாவதும் ஏழாவதும் வெறும் வாத்திய இசை. இடையில் உள்ள ஐந்தும் பாதியில் எழுந்து போய்விட்ட ஆளைப் போலச் சட்டென்று முடிகின்றன. இரண்டாம் பக்கத்தில் நான்கே துண்டுகள். அவை மெதுவானவை, இருண்டவை, சின்தசைசர் நிறைந்தவை. அங்கே பாட்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

ஏன் மாறினார்? புதுமை செய்ய வேண்டும் என்ற ஆசையா?

ஆசையும் இருந்தது. ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

1975இல் போவி லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். கொக்கைன் அவரைத் தின்றுகொண்டிருந்தது. பாலும் குடைமிளகாயும்தான் சாப்பாடு என்ற அளவுக்கு உடம்பு ஒடுங்கிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் பதிவு செய்த ‘ஸ்டேஷன் டு ஸ்டேஷன்’ அருமையான ஆல்பம். ஆனால் அதைச் செய்ததே தனக்குக் கிட்டத்தட்ட நினைவில் இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் அந்த ஊரை விட்டுப் போயாக வேண்டும் என்ற நிலை. 1976இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

அப்போது ஜெர்மனியில் ஒரு புது இசை வளர்ந்துகொண்டிருந்தது. க்ராஃப்ட்வெர்க், நோய் போன்ற குழுக்கள் அமெரிக்க ப்ளூஸின் சாயல் இல்லாமல், நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் போன்ற தாளத்தில் இசை அமைத்தார்கள். அது போவியைப் பிடித்து இழுத்தது. 1976 கோடையில் நண்பரான அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப்புக்காக ‘தி இடியட்’ ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். ‘லோ’வுக்கு அதுதான் ஒத்திகை.

ஆனால் என் கணிப்பில் முக்கியமான காரணம் வேறு. அவரிடம் அந்த நேரத்தில் சொல்வதற்கு வார்த்தைகள் இல்லை. போதையிலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பவன், கல்யாண வாழ்க்கை உடைந்துகொண்டிருப்பவன், பழைய மேலாளருடன் வழக்கில் மாட்டியிருப்பவன் என்ன எழுதுவான்? திறமையான பாடலாசிரியர் என்பதால் எதையாவது எழுதி இட்டு நிரப்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வார்த்தை வராத இடத்தை அப்படியே விட்டுவிட்டு இசையை நுழைய விட்டார். தலைப்பே ‘தாழ்வு’ என்றுதானே சொல்கிறது! இந்த நேர்மைக்காகத்தான் எனக்கு இந்த ஆல்பம் இவ்வளவு பிடிக்கும்.

இதை ‘பெர்லின் ஆல்பம்’ என்கிறார்களே, பெர்லினில்தான் பதிவானதா?

பெரும்பகுதி பிரான்ஸில். பாரிஸுக்கு வெளியே எரூவில் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவாக மாற்றப்பட்டிருந்தது. 1976 செப்டம்பரில் அங்கேதான் வேலை தொடங்கியது. மாளிகையின் பெரிய படுக்கையறையில் பேய் இருக்கிறது என்று போவி அங்கே படுக்க மறுத்துவிட்டார். கடைசியில் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி அங்கே படுத்துக்கொண்டார். அப்புறம் மேற்கு பெர்லினுக்குப் போய், பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹன்சா ஸ்டூடியோவில் மிச்ச வேலையை முடித்தார்கள்.

‘லோ’, ‘ஹீரோஸ்’, ‘லாட்ஜர்’ மூன்றையும் பெர்லின் முத்தொகுதி என்று சொல்வது வழக்கம். முழுக்க பெர்லினில் பதிவானது 1977 அக்டோபரில் வந்த ‘ஹீரோஸ்’ மட்டும்தான். ‘லாட்ஜர்’ சுவிட்சர்லாந்திலும் நியூயார்க்கிலும் செய்யப்பட்டது. ஆனாலும் அந்தப் பெயர் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். போவி அப்போது வாழ்ந்த ஊர் பெர்லின். ஷோனெபர்க் பகுதியில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு, சைக்கிள், ஓவியக் கூடங்கள், தன்னைத் திரும்பிப் பார்க்காத தெரு. அவரை மீட்டது அந்த வாழ்க்கைதான்.

பிரையன் ஈனோதானே தயாரிப்பாளர்?

இல்லை. இந்தத் தவறு எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. தயாரித்தவர்கள் போவியும் டோனி விஸ்கோன்டியும். ஆங்கில இசைக்கலைஞரான ஈனோ உடன் உழைத்தவர். சின்தசைசர் வாசித்தார், யோசனைகள் கொடுத்தார், இரண்டாம் பக்கத்தின் முதல் துண்டான ‘வார்ஷாவா’வின் இசையில் பெரும்பங்கு அவருடையது. பதிவு தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

போவியும் ஈனோவும் விஸ்கோன்டியை அழைத்தபோதே, ஒரு மாத உழைப்பு வீணாகப் போகலாம், வெளியிடத் தக்கதாக எதுவும் கிடைக்காமல் போகலாம் என்று எச்சரித்தார்கள். உங்கள் இருவருடன் ஒரு மாதம் வீணானால் அது எனக்கு வீண் இல்லை என்று அவர் வந்துவிட்டார்.

ட்ரம்ஸ் ஏன் இப்படி ஒலிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதல் துண்டான ‘ஸ்பீட் ஆஃப் லைஃப்’ தொடங்கியதுமே கவனிப்பீர்கள். ஸ்னேர் ட்ரம்மில் விழும் ஒவ்வொரு அடியும் தொடங்கிய சுருதியில் நிற்காமல் கீழே சரிகிறது, கட்டடத்திலிருந்து எதையோ கீழே போட்டதுபோல. மிருதங்கக்காரர் தொப்பியில் கும்கி கொடுக்கும்போது நாதம் வழுக்கி மேலே ஏறுமே, அதற்கு எதிர்த் திசையில் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்தது ஈவன்டைட் எச்910 ஹார்மொனைசர் என்ற கருவி. வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ அதனால் முடியும். இன்று கைபேசி செயலியே இதைச் செய்யும். அன்று டேப்பில் சுருதியை மாற்றினால் வேகமும் கூடவே மாறிவிடும், அதனால் இது அதிசயமாக இருந்தது. கருவி என்ன செய்யும் என்று போவியும் ஈனோவும் கேட்டபோது, காலத்தின் இழையையே இது குலைத்துப் போடும் என்று கொஞ்சம் கொச்சையான சொல் சேர்த்துச் சொன்னார் விஸ்கோன்டி.

அவர் செய்த தந்திரம் இது. ஸ்னேர் ஒலியைக் கருவிக்குள் அனுப்பிச் சுருதியை இறக்கினார். இறங்கிய ஒலியையே மறுபடி உள்ளே அனுப்பினார். அப்படிச் சுற்றிச் சுற்றி ஒலி இறங்கிக்கொண்டே போனது. அதைவிட முக்கியம், பதிவு முடிந்த பிறகு பூசிய மேல்பூச்சு அல்ல இது. ட்ரம்மர் டென்னிஸ் டேவிஸ் வாசிக்கும்போதே தன் ஹெட்போனில் இந்த ஒலியைக் கேட்டார். எவ்வளவு ஓங்கி அடித்தால் எவ்வளவு சரியும் என்று கண்டுபிடித்து, அதற்கேற்பக் கையை மாற்றினார். கருவியும் கலைஞரும் சேர்ந்து வாசித்ததால்தான் இதில் இயந்திர வாடை அடிப்பதில்லை.

ஆல்பம் வந்த பிறகு மற்ற தயாரிப்பாளர்கள் எப்படிச் செய்தாய் என்று விஸ்கோன்டியைக் கேட்டார்களாம். எப்படிச் செய்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாரே தவிர, ரகசியத்தைச் சொல்லவில்லை.

பாடல்கள் ஏன் பாதியில் நிற்கின்றன?

நான் முதல் முறை கேட்டபோது கோப்பு சரியாக இறங்கவில்லை என்று நினைத்து மறுபடி இறக்கினேன். ‘பிரேக்கிங் கிளாஸ்’ இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒருவன் தன் அறையில் ஏதோ விபரீதம் செய்துவிட்டு, கம்பளத்தைப் பார்க்காதே என்கிறான். அவ்வளவுதான், பாட்டு மங்கி மறைந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் அறைகளின் பயம் மொத்தமும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சரணம் வந்திருந்தால் அது விளக்கமாகிப்போயிருக்கும்.

‘ஆல்வேஸ் க்ராஷிங் இன் தி சேம் கார்’ பாட்டில் ஒருவன் ஒரே காரில் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கிறான். ‘பி மை ஒய்ஃப்’ பாட்டில் தனிமையில் இருப்பவன் ‘எனக்கு மனைவியாகு’ என்று கேட்கிறான். அலங்காரம் இல்லை, உவமை இல்லை. ஜிக்கியைப் பற்றி அத்தனை வண்ணமாக எழுதிய அதே கை.

‘சவுண்ட் அண்ட் விஷன்’ பாட்டில் குரல் எப்போதுதான் வரும்?

ஏறக்குறைய பாதிப் பாட்டு முடிந்த பிறகு. மூன்று நிமிடப் பாப் பாட்டில் நாயகன் இவ்வளவு தாமதமாக வருவது துணிச்சல்தான். பாட்டுக்கு வரிகளோ தலைப்போ முடிவாகும் முன்பே பின்னணிக் குரல்களைப் பதிந்துவிட்டார்கள். நீங்கள் கேட்கும் அந்த ‘டூ டூ’ பாடியவர் மேரி ஹாப்கின், அப்போது விஸ்கோன்டியின் மனைவி. இசை துள்ளுகிறது. வரிகளிலோ ஒருவன் நீல நிற அறையில் உட்கார்ந்து, வரம் போல ஒலியும் காட்சியும் வந்து சேரக் காத்திருக்கிறான். எழுத்து வராத எழுத்தாளர்கள் எல்லோரும் ஒருமுறை இதைக் கேட்க வேண்டும்.

‘வார்ஷாவா’ எந்த மொழி?

எந்த மொழியும் இல்லை. போவி ஒலிகளைக் கோத்துத் தானே செய்துகொண்ட சொற்கள். நம் பாடகர்கள் ராக ஆலாபனையில் ‘ததரின’ என்று இழைக்கும்போது அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லையே. அந்தக் காதோடு கேட்டால் இந்தத் துண்டு நமக்கு ஐரோப்பியர்களைவிடச் சீக்கிரம் திறக்கும் என்று நம்புகிறேன்.

வார்ஷாவா என்றால் போலந்தின் தலைநகரமான வார்சா. 1976இல் இக்கி பாப்புடன் மாஸ்கோவுக்கு ரயிலில் போய் வந்தபோது போவி அந்த நகரத்தைப் பார்த்தார். அதன் வெறுமை அவருக்குள் தங்கிவிட்டது. போலந்தின் ஷ்லோன்ஸ்க் நாட்டுப்புறப் பாடகர் குழுவின் ரெக்கார்டு ஒன்றும் அவரிடம் இருந்தது. குரல் பகுதியின் சாயல் அங்கிருந்து வந்தது.

இசை பிறந்த கதை இன்னும் அழகு. வழக்கு விஷயமாக போவி இரண்டு மூன்று நாள் பாரிஸ் போயிருந்தார். ஈனோ மாளிகையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். விஸ்கோன்டியின் 4 வயது மகன் பியானோ முன் உட்கார்ந்து மூன்று கட்டைகளை வரிசையாக மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தான். ஈனோ பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று சுரங்களையே தொடக்கமாக வைத்து மெட்டைக் கட்டினார்.

தாளத்துக்கு அவர் கண்டுபிடித்த வழியும் விசித்திரம். காலி டேப்பில் வெறும் க்ளிக் ஒலிகளை எண்ணிட்டுப் பதிந்துகொண்டார், மொத்தம் 430. எந்த எண்ணில் இசைக் கோர்வை மாற வேண்டும் என்று இஷ்டப்படி தேர்ந்தார். நாலு நாலாக எண்ணும் பாப் கணக்கு அதோடு உடைந்தது.

போவி திரும்பி வந்து கேட்டார், பிடித்துப்போனது. குரலைப் பதியும்போது டேப்பின் வேகத்தைக் குறைத்துப் பாடினார். இயல்பான வேகத்தில் ஓட்டினால் அது கோயில் பாடகர் குழுச் சிறுவனின் குரலாக மாறிவிடுகிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் துண்டு. நான்கு நிமிடம் வரை குரலே கிடையாது. அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் பக்கத்தின் மற்ற மூன்று துண்டுகளைப் பற்றி?

‘ஆர்ட் டெகேட்’ தன் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட மேற்கு பெர்லினைப் பற்றியது. செல்லோ வாசித்தவர் ஹன்சா ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர் எடுவார்ட் மெயர். ‘வீப்பிங் வால்’ பெர்லின் சுவரைப் பற்றியது. அதில் எல்லா வாத்தியமும் போவியே. ‘சப்டெரேனியன்ஸ்’ பிரிவினைக்குப் பின் கிழக்கு பெர்லினில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கானது. தூரத்திலிருந்து வரும் அதன் சாக்ஸபோன், அவர்களுக்கு மிஞ்சிய ஜாஸ் நினைவு. நான்கில் எனக்கு நெருக்கமானது இதுதான்.

ரெக்கார்டு கம்பெனி என்ன சொன்னது?

ஆர்சிஏ அதிர்ந்துபோனது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்திருக்க வேண்டிய ஆல்பம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. மறுபடி ‘யங் அமெரிக்கன்ஸ்’ மாதிரி ஒன்று செய்து தந்தால் பிலடெல்பியாவில் வீடே வாங்கித் தருகிறோம் என்று கம்பெனியில் ஒருவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. விமர்சகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

ஆனால் விற்றதா?

விற்றது. பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 11ஆம் இடம். ‘சவுண்ட் அண்ட் விஷன்’ சிங்கிள் பிரிட்டனில் 3ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 69ஓடு நின்றது. ‘பி மை ஒய்ஃப்’ பிரிட்டனில் பட்டியலிலேயே வரவில்லை.

இத்தனைக்கும் போவி தன் ஆல்பத்துக்காக ஊர் ஊராகப் போகவே இல்லை. 1977 மார்ச்சில் இக்கி பாப்பின் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். மேடையின் ஓரத்தில், பின்னணிப் பாடகராக! 1978இல் தன் சொந்தப் பயணத்தைத் தொடங்கியபோது ‘வார்ஷாவா’வை முதல் உருப்படியாக வைத்தார். ஹிட் பாடல்களுக்காக வந்த ஆயிரக்கணக்கானோர் முதலில் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

அட்டைப்படத்துக்கு என்ன பொருள்?

ஆரஞ்சு வானத்துக்கு முன்னால் போவியின் பக்கவாட்டு முகம். அவர் நடித்த ‘தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்’ படத்திலிருந்து எடுத்தது. மேலே ‘லோ’ என்ற சொல், கீழே பக்கவாட்டு முகம், அதாவது ‘ப்ரொஃபைல்’. சேர்த்துப் படித்தால் ‘லோ ப்ரொஃபைல்’, கண்ணில் படாமல் அடங்கி இருப்பது. அவர் வைத்த சிலேடை அது.

பழைய ரசிகர்களுக்கு இது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. நமக்குப் பிடித்த பாடகர் நமக்குப் பிடித்ததை நிறுத்திவிட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் காதைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். சின்தசைசருக்கு அடியில் வாசிப்பவர்கள் யார்? ட்ரம்ஸில் டென்னிஸ் டேவிஸ், பேஸில் ஜார்ஜ் மர்ரே, கிட்டாரில் கார்லோஸ் அலோமர். ‘ஸ்டேஷன் டு ஸ்டேஷன்’ ஆல்பத்தில் வாசித்த அதே மூவர், சோல் இசையிலும் ஃபங்க்கிலும் ஊறியவர்கள். ‘லோ’வின் முதல் பக்கம் இவ்வளவு விசித்திரமாக இருந்தும் ஆட வைப்பதற்கு அவர்கள்தான் காரணம். போவி கூரையைப் பிரித்தாரே தவிர, அஸ்திவாரத்தில் கை வைக்கவில்லை. பழைய போவியைத் தேடுகிறவர்கள் பேஸ் கிட்டாரைப் பின்தொடர்ந்து போனால் அவரை அங்கே காணலாம்.

பிற்பாடு யாரெல்லாம் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்?

ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் குழு முதலில் வைத்துக்கொண்ட பெயர் ‘வார்சா’, ‘வார்ஷாவா’ துண்டின் நினைவாக. நைன் இன்ச் நெய்ல்ஸின் ட்ரென்ட் ரெஸ்னரும் தன் மீதான ‘லோ’வின் தாக்கத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1992இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் இந்த ஆல்பத்தை வைத்து ‘லோ’ சிம்பொனி எழுதினார். இந்தக் கிளாஸ் 1960களில் பாரிஸில் ரவிசங்கரின் இசையைக் குறிப்பெழுதப் போய், நம் தாளக் கணக்கைக் கற்று, அதையே தன் பாணிக்கு அடித்தளமாக்கிக்கொண்டவர். போவியே 2002இல் லண்டனில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்தார்.

எப்படிக் கேட்பது?

இரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் பக்கத்தைக் காலையில், வேலைக்குப் போகும் வழியில். இரண்டாம் பக்கத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு துண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

‘எ நியூ கேரியர் இன் எ நியூ டவுன்’. புதிய ஊரில் புதிய பிழைப்பு என்று அர்த்தம். முதல் பக்கத்தின் கடைசித் துண்டு, மூன்று நிமிடத்துக்கும் குறைவு, ஒரு வார்த்தைகூட இல்லை. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவனின் பயமும் நம்பிக்கையும் ஒரு சின்ன மவுத் ஆர்கனில் வருகின்றன. அதைக் கேட்டுவிட்டு, போவியின் கடைசி ஆல்பமான ‘பிளாக்ஸ்டார்’ முடியும் இடத்துக்குப் போங்கள். அது 2016 ஜனவரி 8 அன்று, அவருடைய 69ஆம் பிறந்தநாளில் வந்தது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அதன் இறுதிப் பாட்டு தொடங்கும்போது, 39 வருடம் கழித்து, அதே மவுத் ஆர்கன் மறுபடி ஒலிக்கிறது.